சங்குக்கு முன்னால்

தட்டில் வந்த தேயிலைக் கொழுந்தை உள்ளங்கையில் வைத்து மூடிப் பார்த்தார் இராஜமாணிக்கம். அது அப்பளம் போல நொறுங்கியது.

"மேல காத்தாடியை நிறுத்தச் சொல்லு!" என்று கத்தினார். "இலை காஞ்சு சருகாப் போச்சு. என்னதான் பண்ணிட்டிருக்கானுக அங்க?"

தட்டை ஏந்தி நின்ற வேலாமணி, மாடியைப் பார்த்துக் குரல் கொடுத்தாள். காத்தாடிகள் நின்றன. கொஞ்ச நேரத்தில் மாடியிலிருந்து உருட்டும் எந்திரத்துக்குள் விழுந்த இலை, ஈரம் போகாமல் மசித்த கீரையாக வெளியே வந்தது.

மேல்சோலை எஸ்டேட் ஃபேக்டரியில் டீமேக்கர் இராஜமாணிக்கத்தின் கை பொய் சொன்னது அதுவே முதல் தடவை. தவறு கையில் இல்லை. கொழுந்து வாட்டும் மாடியிலிருந்து அவருடைய நாற்காலிக்கு வரும் வழியில், தேயிலையைச் சுடுகாற்றில் உலர்த்தும் டிரையர் இருந்தது. நீலகிரிக் குளிருக்கு அதன் பக்கத்தில் நின்றால் சுகமாக இருக்கும். வேலாமணி அங்கே நின்று நாலு பேரிடம் நாலு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவாள். அவள் பேசி முடிப்பதற்குள் தட்டிலிருந்த இலை பாதி டீத்தூளாகிவிடும்.

டீமேக்கர் என்றால் மாடியில் இலைக்குப் பக்கத்தில் நிற்க வேண்டியவர். அவரைக் கீழே நாற்காலி போட்டு உட்காரவைத்தது அவருடைய கால்.

அந்தக் கால் உடைந்த கதையை எஸ்டேட்டில் யாரும் அவர் காதுபடச் சொல்வதில்லை. மழை நாளில் மாடிப்படியில் வழுக்காமல் இறங்குவது எப்படி என்று புதிதாகச் சேர்ந்த ஆட்களுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். "பாதத்தைப் பக்கவாட்டுல வெக்கோணும். இப்படி" என்று ஒரு படி. "பொறவு இப்படி" என்று இன்னொரு படி. மூன்றாவது "இப்படி"யை அவர் தரையில் கிடந்தபடி சொன்னார். எலும்பு இரண்டு இடத்தில் முறிந்தது. கையிலிருந்த கடிகாரமும் போயிற்று.

வெள்ளைக்காரத் துரை காலத்தில் எந்திரத்துக்கு எண்ணெய் போடும் ஆளாகச் சேர்ந்து, டீமேக்கராக உயர்ந்து, அதுவரை ஒரு நாள்கூட லீவு எடுக்காத மனிதர் அவர். மழைக்காலம் முழுவதும் கட்டுப்போட்ட காலைத் தலையணைமேல் வைத்துக்கொண்டு வீட்டில் கிடந்தார். ஃபேக்டரியில் ஒரு நாளைக்கு ஒரே சங்கு. காலையில் வேலை தொடங்க ஊதுவது. அது ஊதும்போதெல்லாம் ரேடியோவைக் காட்டி மனைவி அருக்காணியிடம் பொருமுவார்.

"கேட்டியா? இன்னும் செய்தியே ஆரம்பிக்கல, அதுக்குள்ள ஊதறான். நேத்து செய்தி முடிஞ்சு, பாட்டும் முடிஞ்சு, பொறவு ஊதினான். நான் இல்லாம ஒரு சங்குகூட நேரத்துக்கு ஊத முடியல பாத்துக்க."

"ஆமாங்க. நீங்க படுத்ததிலிருந்து சூரியனே ஒழுங்கா வாரதில்லீங்க" என்றாள் அருக்காணி. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது.

கால் கூடி வேலைக்குத் திரும்பியபோது மேனேஜர் ஹெர்பர்ட் வாசலுக்கே வந்து வரவேற்றார். அவர் பாளையங்கோட்டைக்காரர். வெள்ளைக்காரர்கள் போன பிறகும் எஸ்டேட்டில் மேனேஜர் என்றால் துரைதான். டாக்டரிடம் கேட்டு எல்லாம் தயார் செய்து வைத்திருந்தார். கீழே பஞ்சு வைத்த நாற்காலி. மாடியிலிருந்து தட்டில் இலை கொண்டுவர வேலாமணி. காலையில் அரை மணி தாமதமாக வரலாம் என்று சலுகை.

தாமதச் சலுகையை இராஜமாணிக்கம் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிட்டார். நாற்காலியையும் தட்டையும் துரையின் முகத்துக்காக ஏற்றுக்கொண்டார். ஏற்றுக்கொண்டதன் பலன், முதல் நாளே தேயிலை கீரையாயிற்று.

அன்றைக்கே ஹெர்பர்ட் துரை அவரை ஆபீஸுக்குக் கூப்பிட்டார்.

"கோபப்படாதீங்க இராஜமாணிக்கம். ஸ்டோர் பொறுப்பு காலியா இருக்கு. உக்காந்த இடத்துல வேலை. சம்பளம் குறையாது."

"ஸ்டோருங்களா? மம்மட்டியும் உரமூட்டையும் எண்ணறதுக்குங்களா?"

"காலுக்கு நல்லதுன்னு சொல்றேன்."

"காலுக்கு நல்லதுங்க. கைக்கு?" இராஜமாணிக்கம் வலது கையை நீட்டிக் காட்டினார். "இலை பதமாயிடுச்சான்னு இதுக்குத்தானுங்க தெரியும். உரமூட்டையைத் தடவிப் பாத்து நான் என்னங்க சொல்றது? என்னை மாடிக்கே அனுப்புங்க."

"படி ஏறுவீங்களா?"

"ஏறுவேனுங்க."

"வீட்டிலிருந்து மேடேறி நேரத்துக்கு வருவீங்களா?"

"சங்குக்கு முன்னால நான் கேட்டுக்குள்ள இல்லாத நாள் ஒண்ணு சொல்லுங்க பாக்கலாம்."

"அது பழைய காலு" என்றார் துரை. கொஞ்சம் யோசித்தார். "சரி. பொங்கல் வரைக்கும் பார்ப்போம். தினமும் சங்குக்கு முன்னால கேட்டுக்குள்ள இருக்கணும். ஒரு நாள் பிந்தினாலும் ஸ்டோர் சாவியை வாங்கிக்கணும்."

"வாங்கிக்கறேனுங்க" என்றார் இராஜமாணிக்கம். வெளியே வந்த பிறகுதான் உடைந்த காலைக் குனிந்து பார்த்தார். கடிகாரம் வேறு குன்னூரில் ரிப்பேருக்குக் கிடந்தது.

மறுநாள் காலை, வழக்கம்போல ரேடியோவில் செய்தி முடிந்ததும் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு கிளம்பினார். முன்பெல்லாம் செருப்பு சூடாவதற்குள் ஏறிவிடும் மேடு அது. இப்போது தேயிலைச் செடிகளுக்கு நடுவே அது வளைந்து வளைந்து போய்க்கொண்டே இருந்தது. பாதி வழியில் சில்வர் ஓக் மரத்தடியில் நிற்க வேண்டியிருந்தது. மூச்சு வாங்குவதை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று, பள்ளத்தாக்கை ரசிப்பதுபோல நின்றார். இப்போது ஊதும், இப்போது ஊதும் என்று காது துடித்தது.

ஊதவில்லை. கேட்டுக்குள் ஊன்றுகோலை வைத்தார், உடைந்த காலை வைத்தார், நல்ல காலையும் வைத்தார். தலைக்கு மேல் சங்கு அலறியது.

அந்த நிமிடம் அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, ஒவ்வொரு படியிலும் பாதத்தைப் பக்கவாட்டில் வைத்து மாடி ஏறினார். பரப்பிக் கிடந்த கொழுந்தில் ஒரு பிடி அள்ளி அழுத்தினார். பட்டுத்துணி மாதிரி அடங்கி, மெல்ல விரிந்தது. "இறக்குங்கடா" என்றார். அன்றைய டீயைக் குடித்துப் பார்த்த துரை இன்னொரு கோப்பை கேட்டார்.

அடுத்த நாளும் சங்குக்கு முன்னால் வந்தார். அதற்கடுத்த நாளும். இராஜமாணிக்கத்துக்குத் தலை கனக்கத் தொடங்கியது.

"இந்தக் காலு முந்தின காலைவிட வேகமுங்க" என்று வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். சில்வர் ஓக் மரத்தடியில் மூச்சு வாங்கியது போக, களை பறிக்கும் பெண்களுக்கு யோசனை சொல்லவும் நின்றார். வீட்டில் செய்தி முடிந்த பிறகு இன்னொரு டம்ளர் காபி கேட்டார். அப்படியும் அவர் உள்ளே வந்த பிறகுதான் சங்கு ஊதியது.

"சூப்பு வெச்சுக் குடுத்தது நானுங்க" என்றாள் அருக்காணி.

"காலு என்னுதடி" என்றார் அவர்.

இதற்கிடையில் எஸ்டேட்டில் வேறொரு குழப்பம் தலையெடுத்தது. சங்கு ஊதினால் இன்னின்ன வேலை என்று பழகிய ஊர் அது. சங்கு ஊதியதும் அடுப்பை அணைத்து, பிள்ளையின் தலையை வாரி, பஸ்ஸுக்கு நடந்தால் சரியாக இருக்கும். இப்போது அப்படி நடந்து போனால் பஸ்ஸின் புகைகூட இருப்பதில்லை. குன்னூர்ச் சந்தைக்குப் போக வேண்டிய அருக்காணியும் இரண்டு தடவை பஸ்ஸை விட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

இராஜமாணிக்கம் பஸ்ஸை வழிமறித்து டிரைவர் சின்னராஜிடம் நியாயம் கேட்டார்.

"ஏனப்பா, முந்தி முந்திப் போனா சனங்க என்ன பண்ணுவாங்க?"

"ஏனுங்க, நான் எப்பவும்போலத்தான் வாரேன். உங்க எஸ்டேட்டுதானுங்க தூங்குது."

"எங்க எஸ்டேட்டா? இந்தக் காலை வெச்சுக்கிட்டு நானே சங்குக்கு முந்தி உள்ள இருக்கேன். நீ என்ன பேசற?"

சின்னராஜ் அந்தக் காலை மரியாதையாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தான்.

அந்த பஸ்ஸில்தான் எஸ்டேட் பள்ளிக்கூடத்து ரோஸ்மேரி டீச்சர் வருவார். காலி பெஞ்சுகளுக்கு முன்னால் தினமும் நின்று நின்று அவருக்கு அலுத்துவிட்டது. சங்குச் சத்தம் கேட்டுக் கிளம்பும் பிள்ளைகள், பிரார்த்தனை முடிந்த பிறகுதான் வந்தார்கள்.

"சங்கு லேட்டுங்க சார்" என்று இராஜமாணிக்கத்திடம் சொன்னார் டீச்சர், கைக்கடிகாரத்தைக் காட்டி.

"உங்க கடிகாரம் முந்திப் போகுதுங்க டீச்சர். குன்னூர்ல நல்ல ஆளா ஒருத்தன் இருக்கான், குடுத்துப் பாருங்க. என் கடிகாரமும் அவன்கிட்டத்தான் கிடக்கு."

அந்த நல்ல ஆள் அந்த வாரமே இராஜமாணிக்கத்தின் கடிகாரத்தைச் சரிசெய்து அனுப்பிவிட்டார். ரேடியோவைக் கேட்டு முள்ளைத் திருப்பி, கையில் கட்டிக்கொண்டு, மார்பை நிமிர்த்தி மேடேறினார் இராஜமாணிக்கம். கேட்டுக்குள் கால் வைத்தார். சங்கு ஊதியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஏழரைக்கு ஊத வேண்டிய சங்கு அது. மணி எட்டாகிவிட்டது என்று சொன்னால் மிகை. ஆனால் முள் ஏழரையைத் தாண்டி வெகுதூரம் வந்திருந்தது.

முதலில் ரிப்பேர்க்காரரைத் திட்டினார். மறுநாள் டீச்சரின் கடிகாரத்தோடு ஒத்துப் பார்த்தார். இரண்டும் அக்காள் தங்கை போல ஒரே நேரத்தைக் காட்டின. ரேடியோவும் அவர்கள் கட்சிதான்.

விஷயம் புரிந்தபோது அவர் சங்கு ரூமுக்கு எதிரில் நின்றுகொண்டிருந்தார். சங்கு ஊதும் முனியசாமி வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். அவனுக்குப் பின்னால் கதவில் மண்டை ஓட்டுப் படம் போட்டு "அபாயம்" என்று எழுதியிருந்தது.

"முனியசாமி, சங்கை எதுக்குடா நிறுத்தி வெக்கற?"

"நிறுத்தறதெல்லாம் இல்லீங்கய்யா. எப்பவும்போலத்தான் ஊதுறேன்."

"தொரை ஏதாவது சொன்னாரா?"

முனியசாமி தரையைப் பார்த்தான். "ஒண்ணும் சொல்லலீங்கய்யா. உள்ள வராதீங்க, கரண்டு இருக்கு."

அன்று இராஜமாணிக்கம் சாப்பிடவில்லை.

"எனக்குப் பாவப்பட்டு ஒரு எஸ்டேட்டையே நிறுத்தி வெச்சிருக்காங்க அருக்காணி. நான் நொண்டி நொண்டி வந்து சேர்ற வரைக்கும் சங்கைப் புடிச்சு வெச்சிருக்காங்க. நான் என்னடான்னா காலு வேகமாயிடுச்சுன்னு ஊரெல்லாம் பீத்திக்கிட்டிருக்கேன்."

"யாருக்கும் தெரியாதுங்க. பொங்கல் வரைக்கும் கம்முனு இருங்க. மாடி வேலை உங்களுக்குத்தான்."

"எனக்குத் தெரியுமே" என்றார் அவர். அருக்காணி சோற்றை மூடி வைத்தாள். அந்த மனிதரைக் கட்டிக்கொண்டதில் அவளுக்கு எவ்வளவோ வருத்தம் உண்டு. அன்றைக்கு அதில் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை.

மறுநாள் அவர் நேராக துரையிடம் போய் நின்றார்.

"தொரை, நான் தினமும் லேட்டுங்க. நீங்க சங்கை நிறுத்தி வெச்சதால தெரியல. அந்தப் பிச்சை எனக்கு வேண்டாமுங்க."

"நானா நிறுத்தினேன்?" ஹெர்பர்ட் துரை திகைத்துப்போய்ச் சுவர்க் கடிகாரத்தைக் காட்டினார். "சங்கு சரியாத்தானே ஊதுது? தினமும் இந்தக் கடிகாரத்தோட ஒத்துப்போகுதே!"

மூலையிலிருந்து கிளார்க் ஞானசேகரன் தொண்டையைக் கனைத்தார். "அது ஒத்துப்போகுமுங்க சார். சங்கு ஊதினதும் நான்தானே முள்ளைத் திருப்பி வெக்கறேன்."

துரை தலையில் கையை வைத்துக்கொண்டார். ஆனால் இராஜமாணிக்கம் எதையும் நம்பவில்லை. எல்லாரும் சேர்ந்து தன்மேல் இரக்கப்படுகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டார்.

"நாளைக்கு நேரத்துக்கு முன்னாலயே வந்து காட்டறேனுங்க. எனக்காக யாரும் சங்கைப் புடிச்சு வெக்க வேண்டாம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ரேடியோ கண் விழிப்பதற்கு முன்பே கிளம்பிவிட்டார். பனிமூட்டத்தில் ஊன்றுகோலால் வழியைத் தட்டித் தட்டி ஏறினார். மரத்தடியில் நிற்கவில்லை. கேட்டுக்குள் அவர் கால் வைத்தபோது பறவைகள்கூடச் சரியாக எழுந்திருக்கவில்லை.

சங்கு ஊதியது.

தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடுகளில் பூகம்பம் வந்ததுபோல் ஆயிற்று. பெண்கள் ஒரு கையில் கூடையும் ஒரு கையில் பாதி வாரிய கூந்தலுமாக மேடேறி ஓடி வந்தார்கள். ஒருவர் செருப்பை ஒருவர் போட்டிருந்தார்கள். வேலாமணி சாப்பாட்டுத் தூக்கு என்று நினைத்து மண்ணெண்ணெய்த் தூக்கை எடுத்து வந்திருந்தாள். ஹெர்பர்ட் துரை ஒரு கன்னத்தில் சோப்பு நுரையோடு பங்களா வாசலில் நின்று, "எங்கே தீ? எங்கே தீ?" என்று கேட்டார். தீ இல்லை, டீமேக்கர்தான் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்தது. மிச்சக் கன்னத்தை மழித்துவிட்டு இராஜமாணிக்கத்தைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உங்களுக்காகத்தான் ஊதறான், சந்தேகமே இல்லை. ஆனா நான் சொல்லலை. நாளைக்கு ரெண்டு பேரும் நேரிலேயே பார்த்துடுவோம்."

மறுநாள் காலை, கேட்டுக்குக் கொஞ்சம் கீழே வேலிச் செடிக்குப் பின்னால் எஸ்டேட்டின் மேனேஜரும் டீமேக்கரும் ஒருவருக்கொருவர் முட்டிக்கொண்டு குனிந்திருந்தார்கள். இராஜமாணிக்கத்தின் கடிகாரத்தை இரண்டு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழரை ஆயிற்று. சங்கு ஊதவில்லை. சங்கு ரூம் ஜன்னலில் முனியசாமியின் தலை தெரிந்தது. கீழே ரோட்டைப் பார்த்தது. உள்ளே போயிற்று. மறுபடி வந்து பார்த்தது.

சின்னராஜின் பஸ் வந்து, ஆள் இல்லாமல் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. ரோஸ்மேரி டீச்சர் இறங்கி நடந்தார். வேலிக்குப் பின்னால் இரண்டு பெரிய மனிதர்கள் ஒளிந்திருப்பதைக் கண்டு, பார்க்காததுபோலப் போய்விட்டார். கேட்டுக்கு வெளியே கூடைகளோடு பெண்கள் வந்து கூடினார்கள். நின்று பார்த்தார்கள். உட்கார்ந்தார்கள். வேலாமணி ஒருக்களித்துப் படுத்தே விட்டாள். எட்டு மணியும் தாண்டியது. முனியசாமியின் தலை ஜன்னலை விட்டுப் போகவே இல்லை.

"எனக்குக் கால் மரத்துப்போச்சு" என்றார் துரை. "போங்க இராஜமாணிக்கம். உள்ளே போய்த் தொலைங்க."

இராஜமாணிக்கம் எழுந்தார். எல்லாரும் பார்க்க, ஊன்றுகோலை ஊன்றி நடந்து கேட்டுக்குள் கால் வைத்தார்.

சங்கு ஆனந்தமாக அலறியது.

துரை வேலியைப் பிய்த்துக்கொண்டு வந்தார். "முனியசாமி! வெளியே வா!"

முனியசாமி வந்தான். பெண்கள் எழுந்து சூழ்ந்துகொண்டார்கள். இராஜமாணிக்கம் யார் முகத்தையும் பார்க்கவில்லை. ஆனால் தலையைக் குனியவும் இல்லை. கையை நீட்டினார்.

"ஸ்டோர் சாவியைக் குடுங்க தொரை. சொன்ன சொல்லு சொன்னதுதானுங்க. லேட்டு லேட்டுத்தான். நான் போயி உரமூட்டை எண்ணறேன். ஆனா இவங்க முன்னால ஒண்ணு சொல்லிடறேனுங்க. நான் யாரையும் எனக்காக நிறுத்தி வெக்கச் சொல்லல. இந்தப் பாவமெல்லாம் எனக்கு வேண்டாம்."

துரை சாவியைப் பையிலிருந்து எடுத்தார். கொடுக்க மனம் வரவில்லை. அந்தக் கோபத்தையும் சேர்த்து முனியசாமிமேல் காட்டினார்.

"பார்த்தியா? அவர் மேல இரக்கப்படறேன்னு நீ பண்ணின வேலை! உன்னை யார் சங்கைப் பிடிச்சு வெக்கச் சொன்னது? நாளையிலிருந்து கடிகாரத்தைப் பார்த்து ஊது!"

"இரக்கமா?" முனியசாமிக்கு ஒன்றும் புரியவில்லை. சாவியைப் பார்த்தான். இராஜமாணிக்கத்தின் காலைப் பார்த்தான். பிறகு, அதுவரை யாரையும் உள்ளே விடாத அந்தக் கதவை முழுசாகத் திறந்துவிட்டான். சுவரில் ஒரு பெரிய கடிகாரம் தொங்கியது. அதன் முகத்தில் சிலந்தி வலை கட்டியிருந்தது.

"அய்யாவ நீங்க ஸ்டோருக்கு அனுப்புறதுன்னாலும் காலையில ஒரு தடவை மட்டும் இந்த கேட்டு வழியா அனுப்பி வைங்க தொரை" என்றான் முனியசாமி. "கடைசி வெள்ளக்காரத் தொரை கப்பலேறின வருசமே இந்தக் கடிகாரம் நின்னுபோச்சு, அன்னையிலேருந்து அய்யா கால் வைக்கிறதப் பாத்துத்தான் நான் சங்கு ஊதுறேன்."